பீட்டர் போன வருஷம்

1901-ஆம் வருஷம் ஜனவரி 22-ஆம் தேதி இங்கிலாந்து ராணி விக்டோரியா இறந்தார். 63 வருஷம் ஆண்டவர். எங்க ஊர்ல சில வீடுகள்ல இன்னமும் சாமி மாடத்துல ஒரு வெள்ளிக்காசு இருக்கும். அதுல இருக்கிற முகம் அவருடையதுதான். அவர் இறந்த அன்னைக்கு அந்த நாடே கறுப்புத் துணி கட்டித் துக்கம் கொண்டாடியது.

அதுக்கு நாலு நாள் கழிச்சு, ஜனவரி 26-ஆம் தேதி, அதே நாட்டுல ஒரு முயல் செத்துப்போச்சு. அதுக்குப் பேரு பீட்டர். 120 வருஷத்துக்கு மேல ஆகியும் ஒரு முயல் செத்த தேதி நமக்குத் தெரியுதுன்னா, அதை வளர்த்தவர் எழுதி வச்சதுதான் காரணம். வளர்த்தவர் பியாட்ரிக்ஸ் பாட்டர். உங்க பிள்ளைகள் புத்தகத்துல நீலச் சட்டை போட்ட முயலைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பீட்டர் ராபிட்டை வரைஞ்சவர்.

மாட்டுக்கு மடிநோய், நிலக்கடலைக்கு வேரழுகல்னு எழுதிட்டிருக்கிற இடத்துல வெள்ளைக்காரம்மா கதை எதுக்குன்னு கேக்கலாம். அந்தம்மா தன் வாழ்க்கையின் பின்பாதியில முழு விவசாயி. ஆடு வளர்த்தவர். இந்தப் பீட்டரை அனுப்பி வச்ச விதத்துல என்னை மாதிரி ஆளுக்குக் கத்துக்க ஒரு விஷயம் இருக்கு. அதுக்காகத்தான் எழுதறேன்.

பாட்டர் 1866-இல் லண்டனில் வசதியான வீட்டுல பிறந்தவர். பள்ளிக்கூடம் போகலை, வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தாங்க. கூட விளையாட ஒரு தம்பி மட்டும்தான். அதனால வீட்டுக்குள்ளயே பல்லி, தவளை, எலி, வௌவால், முள்ளெலின்னு ஒரு கூட்டத்தையே வச்சிருந்தாங்க. முதல்ல வந்த முயல் பெஞ்சமின். பறவை விக்கிற கடையில வாங்கி, பெத்தவங்களுக்குத் தெரியாம காகிதப் பையில வச்சு வீட்டுக்குக் கொண்டுவந்தது. நாய்க்குக் கட்டற வாரைக் கட்டி அதை நடக்கக் கூட்டிட்டுப் போவாராம். 1890-இல் வாழ்த்து அட்டைக்காக அவர் வரைஞ்ச முயல் படங்களை ஒரு கம்பெனி 6 பவுனுக்கு வாங்கிக்கிட்டது. படத்துக்கு நின்னது பெஞ்சமின். அந்தச் சந்தோஷத்துல ஒரு கப் நிறைய சணல் விதையை அதுக்குக் கொடுத்துட்டார். கஞ்சாச் செடி ஜாதி விதை அது. மறுநாள் காலையில படம் வரைய உக்கார வச்சா, அய்யா போதையில ஒரு இடத்துல நிக்கலை. இதையும் அவரே டைரியில எழுதி வச்சிருக்கார்.

பெஞ்சமினுக்கு அடுத்து வந்தவன் பீட்டர். லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கம் சின்னக் குட்டியா வாங்கினது. விலை நாலரை ஷில்லிங். அது ரொம்ப அதிகம்னு அவருக்கே தோணியிருக்கு. இந்தப் பீட்டர் அடுப்புக்கு முன்னாடி பூனை மாதிரி படுத்துக் கிடப்பான். வளையத்துக்குள்ள தாவுவான், மணி அடிப்பான், கஞ்சிராவைத் தட்டுவான். ஊருக்குப் போனா ரயில்ல அவனும் போவான்.

1893 செப்டம்பர் 4-ஆம் தேதி பாட்டர் ஸ்காட்லாந்தில் இருந்தார். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அம்மாவுடைய பையன், அஞ்சு வயசு நோயல் மூர், உடம்பு சரியில்லாம படுத்திருந்தான். அவனுக்கு என்ன எழுதறதுன்னு தெரியாம, நாலு முயல் குட்டிகளைப் பத்தி ஒரு கதையைப் படத்தோட கடிதமா எழுதி அனுப்பினார். அந்தப் பையன் கடிதத்தைப் பத்திரமா வச்சிருந்தான். சுமார் ஏழு வருஷம் கழிச்சு அவன்கிட்டயே அதைத் திரும்பக் கடன் வாங்கி, நகல் எடுத்து, புத்தகமாக்கினார். பதிப்பகங்கள் ஒண்ணு மாத்தி ஒண்ணு வேண்டாம்னு சொல்ல, 1901 டிசம்பரில் சொந்தக் காசுல 250 பிரதி அச்சடிச்சார். அடுத்த வருஷம் அக்டோபரில்தான் ஒரு பெரிய பதிப்பகம் அதை வண்ணப் படத்தோட வெளியிட்டது.

தேதியைப் பாருங்க. பீட்டர் செத்தது ஜனவரி, புத்தகம் வந்தது டிசம்பர். உலகம் பூராவும் பிள்ளைகள் பீட்டரைத் தெரிஞ்சுக்க ஆரம்பிச்சப்ப அவன் உயிரோடவே இல்லை.

தன்கிட்ட வச்சிருந்த ஒரு பிரதியில பாட்டர் பீட்டருக்காக நாலு வரி எழுதினார். செத்த தேதி, ஒன்பதாவது வயசு முடியற நேரம்னு முதல்ல கணக்கு. அப்புறம் அவனைப் பத்தி. பெரிய புத்திசாலின்னு புகழலை. அறிவுக்கு ஒரு அளவு இருந்தது, ரோமத்துலயும் காதுலயும் கால்விரல்லயும் குறை இருந்ததுன்னு ஒத்துக்கிறார். ஆனா கடைசி வரைக்கும் சாந்தமான குணம், பாசமான துணை, சத்தமில்லாத சிநேகிதன்னு முடிக்கிறார். அவ்வளவுதான். சொர்க்கத்துல துள்ளி விளையாடறான்னு ஒரு வார்த்தை இல்லை.

இதை எழுதினவர் மென்மையான பொம்மைக்காரி இல்லைங்கிறதையும் சொல்லணும். சின்ன வயசுல அக்காவும் தம்பியும் செத்த பிராணிகளைக் கொதிக்க வச்சு, எலும்பை எடுத்து, கூடு எப்படி இருக்குன்னு படிச்சவங்க. பீட்டர் கதையிலயே குட்டிகளோட அப்பா தோட்டக்காரர் வீட்டுல பலகாரமாகிட்டார்னு முதல் பக்கங்கள்லயே வந்துடும். அந்த நாட்டுல முயல் விவசாயிக்குப் பகை. வளை தோண்டும், காய்கறிப் பாத்தியைக் காலி பண்ணும். வீட்டுக் கூண்டுல இருக்கிற முயலும் வயல்ல மேயற முயலும் ஒரே ஜாதி. இரண்டையும் தெரிஞ்சுதான் அவர் பீட்டரை நேசிச்சார்.

நம்ம ஊர் நிலைமை கொஞ்சம் வேற. நம்ம காட்டு முயல் வேற இனம். அது வளை தோண்டாது, புல்லுக்கு நடுவுல பதுங்கி வாழும். குட்டி பிறக்கும்போதே ரோமத்தோட, கண்ணு திறந்து பிறக்கும். வீட்டு முயல் குட்டி ரோமம் இல்லாம, கண்ணு மூடித்தான் பிறக்கும். தமிழ்ல இரண்டுக்கும் ஒரே பேருதான். தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நாம சொல்ற பழமொழி காட்டு முயலை வச்சு. அப்பாரு காலத்துல வலையும் நாயுமாக் கூட்டமாப் போய்ப் பிடிப்பாங்க. 1972-இல் வந்த வனவிலங்குச் சட்டப்படி இன்னைக்கு அது குற்றம். கூண்டுல இருக்கிற வெள்ளை முயல் ஐரோப்பிய வம்சம். எங்க பக்கம் அது கறிக்காகத்தான் வந்தது, செல்லத்துக்கு இல்லை.

அப்படி வந்ததுல ஒண்ணு எங்க வீட்டுலயே தங்கிருச்சு. மக அதுக்குப் பேரு வச்சுட்டா. பேரு வச்ச உருப்படியை விக்க முடியாதுன்னு பண்ணையம் பண்றவனுக்குத் தெரியும். சேவலுக்கும் கெடாவுக்கும் அதனாலதான் பேரு வைக்க மாட்டோம். உழவு மாட்டுக்கும் கறவைக்கும் வைப்போம். ஏழு வருஷம் இருந்துச்சு. போன மார்கழியில ஒரு காலையில அசையாம கிடந்துச்சு. முருங்கை மரத்தடியில குழி வெட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன பெரியப்பா, "ஏஞ்சாமி, முயலுக்கெல்லாமா குழி?"ன்னு சிரிச்சார். மக அழுததைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துக் கையில வச்சுக்கிட்டார்.

அவர் கேட்டதுல தப்பு இல்லை. எந்த ஜீவனுக்கு மரியாதை செய்யணும்னு ஊருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒண்ணு இருக்கு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். எருமைகளைக் காப்பாத்தப் போய்ச் செத்த கருந்தேவகத்திங்கிற வீரனுக்கு வச்சது. அவன் பக்கத்துலயே ஒரு நாய் செதுக்கியிருக்கு. நாய்க்குப் பேரு கோவிவன். திருடங்க ரெண்டு பேரைக் கடிச்சுக் காவல் நின்னதுன்னு கல்லுல எழுதியிருக்கு. அரசலாபுரத்துலயும் இந்தளூர்லயும் சண்டைச் சேவலுக்கே கல் இருக்கு. இந்தளூர் சேவலுக்குப் பேரு பொற்கொற்றி. கோயில் காளை செத்தா இன்னைக்கும் மந்தையில மாலை போட்டு, வேட்டி துண்டு போத்தி, கொட்டு முழக்கத்தோட அடக்கம் பண்ற ஊர்கள் உண்டு.

இதே ஊர்கள்ல, பேரில்லாம செத்த சாதாரண மாட்டைத் தூக்கிட்டுப் போற வேலையை ஒரு சாதி ஜனங்க தலையில சுமத்தி வச்சிருந்தோம். வளர்த்தவன் கட்டுத்தறியில உக்காந்து கண்ணைத் துடைப்பான், குழி வெட்டறது வேற ஆள். மிருகத்தை வழியனுப்பற வரலாறு எழுதினா இதையும் சேர்த்துத்தான் எழுதணும். நம்ம ஜீவனுக்கு நாமே குழி வெட்டறது சின்ன விஷயம் இல்லைன்னு நான் நினைக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கோவிவன் காவல் காத்துச்சு. பொற்கொற்றி சண்டை போட்டுச்சு. கல்லுல அவங்க செஞ்ச காரியம் இருக்கு. பீட்டர் என்ன காரியம் செஞ்சான்? கஞ்சிரா தட்டினது ஒரு காரியமா? பாட்டர் எழுதினது அவன் குணத்தை. ஒரு ஜீவன் ஒண்ணும் சாதிக்காம, சும்மா கூட இருந்ததுக்காகவே அதை நினைச்சு எழுதலாம்னு அந்த நாலு வரி சொல்லுது. பெரியப்பாவுக்கு அன்னைக்கு நான் சொல்லத் தெரியாம நின்ன பதில் இதுதான்.

எங்க அம்மா முயலுக்காக அழலை. சாணி வழிச்சாங்க, பால் கறந்தாங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பால் கணக்கு நோட்டைப் புரட்டினேன். காலை 6 லிட்டர், மாலை 5 லிட்டர்னு எழுதின வரிக்குப் பக்கத்துல, ஓரத்துல, அதே பென்சிலால் 'முயல் போயிருச்சு'ன்னு இருந்தது. அந்த நோட்டுல இதுக்கு முன்னாடி அந்த ஓரத்துல வந்ததெல்லாம் கன்னு போட்ட தேதிகளும் சினை ஊசி போட்ட தேதிகளும்தான்.

பாட்டர் பிற்பாடு என்ன ஆனார்னு சொல்லிடறேன். 1905-இல் கல்யாணம் நிச்சயமாகி, ஒரு மாசத்துல மாப்பிள்ளை நார்மன் வார்ன் நோயில இறந்துட்டார். அந்த வருஷமே வட இங்கிலாந்தில் ஏரி மாவட்டத்துல ஹில் டாப்னு ஒரு பண்ணையை வாங்கினார். முயல் புத்தகம் கொடுத்த காசும் அதுல சேர்ந்தது. 1913-இல் அந்த ஊர்ப்பக்கம் வக்கீல் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, ஹெர்ட்விக்ங்கிற மலை ஆட்டு இனத்தைக் காப்பாத்தறதுல இறங்கினார். அந்த ஆடு வளர்ப்போர் சங்கத்துக்கு முதல் பெண் தலைவரா 1943-இல் அவரைத் தேர்ந்தெடுத்தாங்க. பதவி ஏற்கறதுக்கு முன்னாடி, டிசம்பர் 22-ஆம் தேதி காலமாயிட்டார். 4,000 ஏக்கருக்கும் மேல நிலத்தையும் பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வச்சிருந்தார். அந்தப் பண்ணைகள்ல ஹெர்ட்விக் ஆடு தொடர்ந்து மேயணும்னும் சொல்லியிருந்தார்.

அவருக்கும் கல் கிடையாது. அவருடைய ஆட்டுக்காரர் டாம் ஸ்டோரி சாம்பலை மலைப்பக்கம் தூவிட்டு, எந்த இடம்னு ஊருக்குச் சொல்லலை. பீட்டர் வளர்ந்த லண்டன் வீடும் 1940-ஆம் வருஷக் குண்டுவீச்சுல போயிருச்சு. அந்த நாலு வரி மட்டும் இருக்கு.

நகரத்துல அடுக்கு வீட்டுல இருக்கிறவங்களுக்கு முருங்கை மரத்தடி கிடைக்காது. பரவாயில்லை. உங்க வீட்டு முயலோ, பூனையோ, கிளியோ போச்சுன்னா ஒரு நோட்டுல எழுதி வைங்க. அழகா எழுத வேண்டியதில்லை. பேரு, தேதி, வயசு, எது புடிக்கும், எதைக் கண்டா ஓடும், என்ன சேட்டை பண்ணும். குறையையும் எழுதுங்க. குறையை விட்டுட்டா அது எந்த வீட்டு முயலாவும் ஆயிரும், உங்க வீட்டுதா இருக்காது. பிள்ளைகள் இருந்தா அவங்க கையில பேனாவைக் கொடுங்க.