கை வெட்டிய கதையும் ஒரு ஊமைப்படமும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் ஆக்ராவிலிருந்து போன் செய்தார். "டீச்சர், ஷாஜகான் கொத்தனார்கள் கையை வெட்டின கதையை, நீங்க அஞ்சாம் வகுப்புல சொன்ன மாதிரியே என் பிள்ளைகளுக்குச் சொன்னேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது.

அந்த நினைப்போடு இருந்தபோதுதான் பேரன் 'ஷிராஸ்' என்ற ஊமைப்படத்தைக் காட்டினான். 1928-ல் வந்தது. இயக்கியவர் ஜெர்மானியரான ஃப்ரான்ஸ் ஆஸ்டன். ஜெர்மனியின் ஊஃபா நிறுவனமும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனமும் கூட்டு. நடித்தவர்கள் நம் நாட்டவர்கள். படம் பிடித்ததும் இங்கேதான். கதை, நிரஞ்சன் பால் எழுதிய மேடை நாடகம். லால், பால், பால் என்று படித்தீர்களே, அந்த விபின் சந்திர பாலின் மகன் இவர். 2017-ல் லண்டனில் பிலிமைச் சீர்செய்து, அனுஷ்கா சங்கர் இசையோடு வெளியிட்டார்கள்.

படத்தில் மும்தாஜ் ஒரு குயவர் வீட்டில் வளர்கிறாள். அந்த வீட்டுப் பையன் ஷிராஸ் அவளை நேசிக்கிறான். அவளைக் கடத்திப்போய் அடிமையாக விற்கிறார்கள்; வாங்குபவர் இளவரசர் குர்ரம், பின்னாளைய ஷாஜகான். அவள் இறந்த பிறகு, கண்ணிழந்த ஷிராஸ்தான் தாஜ்மகாலை வடிவமைக்கிறான். ஹிமான்சு ராயின் நடிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் வரலாறு வேறு. மும்தாஜின் இயற்பெயர் அர்ஜுமந்த் பானு. அரசவைப் பிரபு ஆசப் கானின் மகள், நூர்ஜகானுக்கு அண்ணன் மகள். 1612-ல் திருமணம். 1631-ல் புர்ஹான்பூரில் 14-வது பிரசவத்தில் இறந்தார். தலைமைச் சிற்பியாகப் பெரும்பாலும் சொல்லப்படுபவர் உஸ்தாத் அகமது லாகோரி. 1639-ல் தொடங்கிய டெல்லி செங்கோட்டைக்கும் அவர் பெயரையே சொல்கிறார்கள். கட்டியவர்களை முடமாக்கியிருந்தால் அடுத்த வேலையை யார் செய்வது? இந்தக் கேள்வியை அன்றைக்கே வகுப்பில் நான் கேட்டிருக்க வேண்டும்.

நம்ம மதுரையில் திருமலை நாயக்கர் மகால் கட்டியதும் அதே காலம்தான், 1636. அங்கே போகும்போதும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

நாடகக்காரர் கற்பனை செய்யலாம், தப்பில்லை. கேட்ட கதையை வரலாறு என்று சொல்லிக்கொடுத்தது என் தப்பு. அந்தப் பாடத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள், கண்ணுகளா. ஆக்ரா போன தம்பிக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்