மணலுக்குக் காசில்லை

திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ‘சூத்திரப் பிள்ளைங்களும் படிச்சாங்களே, சாதி எங்க தடுத்துச்சு?’ என்கிறார்கள். 1983இல் தரம்பால் வெளியிட்ட நூல்தான் ஆதாரம். தாமஸ் மன்றோ 1822இல் எடுக்கச் சொன்ன கணக்கு அதில் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள். தமிழ் மாவட்டங்களில் பார்ப்பனரைவிடச் சூத்திரப் பிள்ளைகள் அதிகம். உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கின் பத்திகளைப் பாருங்கள்: பார்ப்பனர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம். பறையர், பள்ளர், சக்கிலியர் எங்கே? ‘பிற’வுக்குள் நாமே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பள்ளியின் கருவிகள் என்ன? தரையில் பரப்பிய மணல், பனையோலை, எழுத்தாணி. இதைவிடச் சல்லிசான தொழில்நுட்பம் ஏது? மணல் சேரி ஓரத்து ஓடையிலும் கிடந்தது. பனை எங்கள் கண்ணெதிரே நின்றது. இல்லாதது திண்ணை. திண்ணை என்றால் ஊர்த்தெருவில் ஒருத்தர் வீட்டு முகப்பு. அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கவே விடாதவன் திண்ணையில் ஏத்துவானா?

ஆனால் அதே மணல் கடல் தாண்டியது. 1789இல் எழும்பூரில் ராணுவ அநாதைப் பையன்களின் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். எட்டு வயதுப் பையன் ஒருவனை விட்டே சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித்தரச் செய்தார். நம் திண்ணைச் சட்டாம்பிள்ளை வேலைதான் அது. 1797இல் லண்டனில் புத்தகம் போட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. இங்கே மிஷன் பள்ளிகள் சில இடங்களில் இருந்தன. ஒல்காட் சென்னையில் பஞ்சமருக்கு இலவசப் பள்ளி தொடங்கியதோ 1894இல். எழும்பூரிலிருந்து லண்டன் போக எட்டு வருசம், பக்கத்துச் சேரிக்கு வர நூறு வருசம்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது மணலின் இடத்தில் செல்போன் வந்தது. எங்கள் காலனியில் வீட்டுக்கு ஒரு போன். அதுவும் காலையில் அப்பனோடு வேலைக்குப் போய்விடும். போன் கிடைத்தால் எல்லாம் சரியாகும் என்றார்கள். வசூல் செய்து மூன்று வாங்கினோம். பிள்ளைகள் சேர்ந்து உட்கார இடம்? ஊர்ப் பக்கத்துப் பொதுக் கட்டடத்தின் சாவியைக் கேட்டோம், ‘நாளைக்கு வாங்க’ என்றார்கள். அந்த நாளை வரவேயில்லை. 2021 நவம்பர் 1இல் ஆரம்பப் பள்ளிகள் திறக்கும்வரை புளியமரத்தடியில்தான் நடத்தினோம்.