எல்லை இடம் பெயர்ந்த கதை

ஒரு நாட்டின் எல்லை எங்கே இருக்கிறது என்று வினவினால், நாம் தேசப்படத்தை விரித்து ஒரு கோட்டைச் சுட்டிக் காட்டுவோம். ஆனால், ஆகாய விமானத்திற் செல்லும் பிரயாணிக்கு அந்தக் கோடு கண்ணிற் படுவதேயில்லை. அவன் சேரவேண்டிய நாட்டின் கதவு, பல வேளைகளில், அவன் புறப்படும் விமான நிலையத்திலேயே திறக்கிறது. அல்லது அங்கேயே மூடிக்கொள்கிறது. எல்லைக் காவல் இவ்வாறு வந்திறங்கும் கரையை விட்டுப் புறப்படும் வாயிலுக்கு இடம் பெயர்ந்தது எவ்வாறு? அதனால் விளைந்த நன்மை யாது? தீமை யாது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

இம்மாறுதல் விமானத்தோடு பிறந்ததன்று. கப்பற் காலத்திலேயே தோன்றியது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1891-ஆம் ஆண்டில் குடியேற்றச் சட்டம் ஒன்றை இயற்றின. தகுதியற்றவர் என்று தள்ளப்பட்ட பிரயாணியை, அவனைக் கொண்டுவந்த கப்பற் கம்பெனியே தன் செலவில் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அடுத்த ஆண்டு நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுப் பரிசோதனை நிலையம் திறக்கப்பட்டது. கம்பெனிகள் கணக்குப் பார்த்தன. ஒருவனை அழைத்துச் சென்று மீண்டும் அழைத்து வருவதைக் காட்டிலும், புறப்படும் துறையிலேயே தடுத்துவிடுவது இலாபம் அன்றோ? ஆகவே, ஹாம்பர்க் முதலிய துறைமுகங்களில் மருத்துவர் சோதனையும் வினாவிடையும் கப்பலேறு முன்னரே நடைபெறலாயின. 1924-ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. குடியேறுவோர் தம் நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரக அதிகாரியிடம் விசாப் பெற்ற பின்னரே கப்பலேறலாம் என்பது நியதியாயிற்று.

நம் தமிழகத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை, இலங்கை அரசாங்கம் இராமேசுவரத்துக்கு அருகேயுள்ள மண்டபம் முகாமில் தங்கவைத்துப் பரிசோதித்த பின்னரே கப்பலேற அனுமதித்தது. எல்லை கடலுக்கு அப்பால். காவலோ கடலுக்கு இப்பால்!

விமானப் போக்குவரத்து வளர்ந்தபோது இம்முறை அதனோடு சேர்ந்தது. 1952-இல் கனடாவின் டொரான்டோ விமான நிலையத்தில் அமெரிக்க அதிகாரிகள் அமர்ந்து, பிரயாணிகள் விமானம் ஏறு முன்பே குடியேற்றச் சோதனையை முடிக்கலாயினர். அன்று நோக்கம் பெரும்பாலும் வசதியே. பின்னர் 1986-இல் அயர்லாந்தின் ஷானனிலும், 2014-இல் அபுதாபியிலும் இவ்வேற்பாடு அமைந்தது.

வசதிக்காகத் தொடங்கியது பாதுகாப்புக்கு உரியதாக மாறியது, 2001 செப்டம்பர் 11-ஆம் நாளுக்குப் பின்னர். அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு விமானத்தின் பிரயாணிகள் பட்டியலையும் அரசாங்கத்துக்கு முன்கூட்டியே அளிக்கும்படி பணித்தது. எனினும், பட்டியல் கிடைத்தால் மட்டும் போதுமா? 2009 டிசம்பர் 25-ஆம் நாள் இதற்கு விடையளித்தது. அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டிட்ராயிட்டுக்குச் சென்ற விமானத்தில், நைஜீரிய இளைஞன் ஒருவன் உள்ளாடையில் மறைத்திருந்த வெடிமருந்தைக் கொளுத்த முயன்றான். அது சரிவர வெடியாமல் தீப்பற்றியது. சக பிரயாணிகளும் விமானப் பணியாளரும் பாய்ந்து அவனை மடக்கினர். அவனுடைய தந்தையே ஒரு மாதத்துக்கு முன்னர் அபுஜாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தை எச்சரித்திருந்தார். அவனை டிட்ராயிட்டில் இறங்கியதும் விசாரிப்பதென்று எல்லை அதிகாரிகள் தீர்மானித்தும் இருந்தனர். வெடிமருந்து தன் வேலையைச் செய்திருந்தால், அந்த விசாரணைக்கு யார் மிஞ்சியிருப்பர்? கேட்கவேண்டிய கேள்வியை ஏறும் வாயிலிலேயே கேட்கவேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிட வலிய சான்று வேண்டுவதில்லை. அதன் பின்னர் இத்தகைய ஆய்வுகள் விமானம் புறப்படு முன்னரே நடத்தப்படலாயின.

ஆயினும், நாணயத்துக்கு மறுபுறமும் உண்டு. வாயிலில் தடுக்கப்படுகின்றவர் எல்லோரும் தீங்கு கருதி வருகின்றவரல்லர்; உயிருக்கு அஞ்சி ஓடி வருகின்றவரும் அவருள் உண்டு. 1987-இன் தொடக்கத்தில் இலங்கைத் தமிழர் பலர் இலண்டன் விமான நிலையத்தில் இறங்கி அடைக்கலம் கோரினர். சின்னாட்களில் பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. அவ்வாண்டிலேயே அது சட்டமாயிற்று. தக்க பத்திரமில்லாத ஒவ்வொரு பிரயாணிக்காகவும் விமானக் கம்பெனி 1,000 பவுன் செலுத்தவேண்டும் என்பது விதி. அன்று முதல், சீட்டைச் சரிபார்க்கும் கம்பெனிக் குமாஸ்தாவே எல்லைக் காவலரும் ஆனார். அகதியின் துயரத்தை எடைபோட அவருக்குப் பயிற்சியுமில்லை, அதிகாரமுமில்லை; அபராதத்தைப் பற்றிய அச்சம் மட்டுமே உண்டு.

இதனினும் கூரிய படிப்பினை பிராக் நகரில் கிடைத்தது. 2001 ஜூலையில் பிரிட்டிஷ் குடியேற்ற அதிகாரிகள் செக் நாட்டின் தலைநகரான பிராக்கின் விமான நிலையத்திலேயே நின்று, இலண்டன் செல்வோரைச் சோதிக்கலாயினர். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக ஒதுக்கி வைக்கப்பட்ட ரோமா இனத்தவர் அங்கே பெருவாரியாகத் தடுக்கப்பட்டனர். வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. 2004 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒருவர் தம் சொந்த நாட்டை விட்டு வெளியேறாத வரையில் 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தின் பாதுகாப்பு அவருக்குக் கிட்டாது என்று நீதிபதிகள் கூறினர். ஆனால், ரோமா இனத்தவரை மற்றவரினும் கடுமையாக விசாரித்தது இனப் பாகுபாடு என்றும், சட்டத்துக்கு முரண் என்றும் தீர்த்தனர். மற்றவரைவிட ரோமா இனத்தவர் தடுக்கப்படும் வாய்ப்பு 400 மடங்கு அதிகமாயிருந்தது என்பதும் அத்தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டது.

இத்தீர்ப்பின் இரு பகுதிகளையும் மாணவர்கள் சேர்த்துச் சிந்தித்தல் வேண்டும். வந்திறங்கிய கரையில் தடுக்கப்பட்டவனுக்கு வழக்கறிஞர் உண்டு, நீதிமன்றம் உண்டு, பத்திரிகையாளர் கண்களும் உண்டு. 1939-இல் 937 பேருடன் ஹாம்பர்க்கிலிருந்து சென்ற 'செயின்ட் லூயி' என்னும் கப்பல், கியூபாவினாலும் அமெரிக்காவினாலும் மறுக்கப்பட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பியது. அதிலிருந்த யூதருள் 254 பேர் பின்னர் நாஜிகளின் கொடுமைக்கு இரையாயினர். அந்தக் கப்பலை உலகம் கண்டது. இன்றும் நினைந்து வருந்துகிறது. புறப்படும் வாயிலிலேயே திருப்பப்பட்டவன் நிலை வேறு. அவன் கப்பலும் ஏறுவதில்லை, கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆதலால், முன்கூட்டிச் சோதிப்பது வேண்டுமா வேண்டாமா என்பதன்று இன்றைய கேள்வி. டிட்ராயிட்டுக்குச் சென்ற விமானத்தில் இருந்தவர்களின் உயிர், வேண்டும் என்று சொல்லுகிறது. ஒருவன் செய்ததையும், அவனைப் பற்றி அறிந்ததையும் கொண்டு ஆராய்கிறோமா, அன்றி அவன் பிறந்த குலத்தைக் கொண்டு ஆராய்கிறோமா என்பதே கேள்வி. தடுக்கப்பட்டவனுக்குக் காரணம் சொல்லப்படுகிறதா, முறையிட ஓரிடம் இருக்கிறதா என்பதும் அதனோடு சேர்ந்த கேள்வி. காவலை எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்லும் அரசாங்கம், தன் நீதியையும் உடன் கொண்டுசெல்லக் கடமைப்பட்டது. காவல் மட்டும் கடல் கடந்து, நீதி கரையிலேயே நின்றுவிட்டால், அந்த எல்லை பலப்பட்டதாக வரலாறு ஒப்புக்கொள்ளாது.