பியாட்ரிக்ஸ் பாட்டரின் ரகசிய டைரியும் அதை உடைத்த இன்ஜினியரும்

பீட்டர் ராபிட் முயலை நம்மில் பலருக்குத் தெரியும். நீலச் சட்டை போட்டுக்கொண்டு, அம்மா பேச்சைக் கேட்காமல், பக்கத்துத் தோட்டத்தில் புகுந்து முள்ளங்கி தின்று மாட்டிக்கொள்ளும் முயல். அதை எழுதி வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் 1943 டிசம்பரில் இறந்தபோது, அவரைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு வாழ்க்கை வரலாறுகூட சீக்கிரமே வந்துவிட்டது.

1952-ல் லெஸ்லி லிண்டர் என்பவரின் காதுக்கு ஒரு தகவல் வந்தது. லேக் டிஸ்ட்ரிக்டில் பாட்டர் வாழ்ந்த வீட்டில் ஒரு பெரிய காகிதக் கட்டு கிடக்கிறது. உதிரித் தாள்களும் பள்ளி நோட்டுகளுமாக நிறைய. கையெழுத்து பாட்டருடையதுதான். ஆனால் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. உறவினர்களுக்கும் அது என்ன மொழி என்று தெரியவில்லை.

லிண்டர் இலக்கியப் பேராசிரியர் இல்லை. பொறியாளர். குழந்தைகள் நூலகம் ஒன்றுக்குப் புத்தகம் சேர்க்கப் போன இடத்தில் பாட்டர் மேல் ஆர்வம் வந்து, மெல்ல மெல்ல அவருடைய ஓவியங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தவர். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆளே இவர்தான், அதனால் இவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்து எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டர் பயன்படுத்தியது ரொம்ப எளிமையான சங்கேதம். ஆங்கிலத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறி, அவ்வளவுதான். சில குறிகள் கிரேக்க எழுத்து மாதிரி, சில ஜெர்மன் எழுத்து மாதிரி, சில அவரே கண்டுபிடித்தவை. பள்ளிக்கூடத்தில் நாம் பேசிய 'க' பாஷையைவிட ஒரு படி மேல், அதற்கு மேல் ஒன்றும் பெரிய சூட்சுமம் கிடையாது. எந்தக் குறி அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்து இப்படிப்பட்ட சங்கேதத்தை உடைக்கலாம் என்று 9-ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாதில் அல்-கிந்தி எழுதி வைத்துவிட்டார். இன்றைக்குக் கல்லூரி முதல் வருடப் பையன் பைத்தானில் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவான்.

அப்படியானால் லிண்டருக்கு ஏன் ஆறு வருடம் ஆனது?

முதல் காரணம், எண்ணுவதற்கு முன்னால் எது ஒரு குறி, எது இரண்டு குறி என்று தெரிய வேண்டும். பாட்டர் இதைச் சங்கேதம் மாதிரி நிறுத்தி நிதானமாக எழுதவில்லை. பல வருடப் பழக்கத்தில், நாம் கடைக்குச் சீட்டு எழுதுகிற வேகத்தில் கிறுக்கித் தள்ளியிருக்கிறார். பிந்தைய வருடத் தாள்களில் எழுத்து கடுகு சைஸுக்குச் சுருங்கிவிட்டது. 'மெஷின் ரீடபிள்' ஆக இருந்தால்தானே நம் பைத்தான் பையன் ஜம்பம் எல்லாம்? இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியமானது. ஆங்கிலச் சங்கேதத்தை உடைக்க உட்காருகிறவர் முதலில் தேடுவது 'தி' என்ற மூன்றெழுத்து வார்த்தையை. பாட்டர் அதை எழுத்துக் கூட்டி எழுதாமல் 3 என்ற எண்ணைப் போட்டுவிட்டார். 'டு' என்பதற்கு 2, 'ஃபார்' என்பதற்கு 4. இன்றைக்கு நம் பிள்ளைகள் வாட்ஸப்பில் செய்கிற அதே வேலை! திருடன் வழக்கமாக வருகிற வாசலையே எடுத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அவர் அதைத் திட்டம் போட்டுச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கை வலிக்குச் சுருக்கம், அவ்வளவுதான்.

1958 ஏப்ரல் 7, ஈஸ்டர் திங்கள். கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம், பொழுதாவது போகும் என்று லிண்டர் ஒரு தாளை உருவினார். பக்கத்தின் கீழே ஒரு வரியில் ரோமன் எண்ணில் பதினாறும், 1793 என்ற வருடமும் இருந்தன. வருட அகராதி ஒன்றைப் புரட்டினார், பயனில்லை. பிறகு குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பொருளடைவைப் பார்த்தால், பிரெஞ்சு அரசன் பதினாறாம் லூயி, 1793-ல் தலை வெட்டப்பட்டவன் என்று இருக்கிறது. திரும்பத் தாளுக்கு வந்தார். அந்த வரியில் ஒரு வார்த்தை, அதன் இரண்டாவது எழுத்து ஆங்கில எக்ஸ் போலவே இருந்தது. 'எக்ஸிக்யூட்டட்', அதாவது மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது என்று வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

இந்த ஒரு வார்த்தையில் என்ன கிடைக்கிறது பாருங்கள். ஆங்கிலத்தில் எட்டு எழுத்து; அதில் 'ஈ' மூன்று முறை வருகிறது. அந்த மொழியில் மிக அதிகமாக வரும் எழுத்தே அதுதான். கூடவே 'டி' இரண்டும் (ஒன்று வல்லினம், ஒன்று மெல்லியது), 'சி', 'யு', 'எக்ஸ்'. ஆறு எழுத்துகள் ஒரே மூச்சில். மீதி தானாக விழ ஆரம்பித்தது. அன்று நள்ளிரவுக்குள் கிட்டத்தட்ட முழு அரிச்சுவடியும் லிண்டர் கையில்.

உடைத்தது ஒரு ராத்திரியில். படிக்கத்தான் வருடக்கணக்கில் ஆனது. இரண்டு லட்சம் வார்த்தைகளுக்கு மேல். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பெயர்த்து, அதில் வரும் ஆட்கள் யார், ஓவியங்கள் எவை என்று சரிபார்த்து, 1966-ல், பாட்டரின் நூற்றாண்டில், புத்தகமாகக் கொண்டுவந்தார்.

இவ்வளவு மறைத்து வைத்த டைரியில் என்னதான் இருந்தது? கிசுகிசு எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். காதல் இல்லை, குடும்ப ரகசியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஏறக்குறைய 15 வயதிலிருந்து 30 வயது வரை ஒரு பெண் பார்த்தது, கேட்டது, நினைத்தது. அப்பா ரூபர்ட் பாட்டர் வீட்டில் பேசிய அரசியல், லண்டனில் வெடித்த குண்டுகள், கண்காட்சியில் பார்த்த படங்கள், பாட்டி சொன்ன பழங்கதை. நேஷனல் கேலரியில் இருந்த மைக்கலாஞ்சலோ ஓவியம் அசிங்கம், வரைந்ததும் சரியில்லை என்று ஓரிடத்தில் எழுதுகிறார். அதற்கு முன்னால் ஒரு வரி: இதை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன் என்று! முயலுக்குச் சணல் விதை கொடுத்து, மறுநாள் அது போதையில் தள்ளாடி, வரையவே முடியாமல் போன கதையும் உண்டு. அந்த முயல் பெஞ்சமினை வைத்து வரைந்த படங்களைத்தான் 1890-ல் வாழ்த்து அட்டைக் கம்பெனிக்கு 6 பவுனுக்கு விற்றார். அவருடைய முதல் சம்பாத்தியம்.

இதையெல்லாம் ஏன் சங்கேதத்தில் எழுத வேண்டும்? பணக்கார வீடு. தம்பி பெர்ட்ரம் பள்ளிக்குப் போனான், இவர் போகவில்லை. லண்டன் வீட்டின் மேல்மாடியில் ஆசிரியை வந்து பாடம் சொன்னார். தோழிகள் என்று சொல்லிக்கொள்ள ஆள் குறைவு. முயல், முள்ளெலி, எலி, பல்லி, வௌவால் என்று மாடியறையே ஒரு விலங்குப் பண்ணை. செத்துப்போனவற்றை வேகவைத்து எலும்புக்கூட்டை எடுத்து அக்காவும் தம்பியும் வரைந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் வைத்துக்கொள்ள இடம் வேண்டியிருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். சுருக்கெழுத்தில் டைரி எழுதிய சாமுவேல் பெப்பிஸின் மேல் இருந்த மோகமும் ஒரு காரணம். இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு உறவுக்காரப் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பழைய கிறுக்கலைப் பற்றிக் கேலியாகக் குறிப்பிடுகிறார். பூதக்கண்ணாடி வைத்தாலும் தனக்கே இப்போது படிக்க வரவில்லையாம். அதாவது 1958-ல் லிண்டர் படித்தபோது, எழுதியவரே தொலைத்துவிட்ட ஒன்றைப் படித்திருக்கிறார்.

டைரியின் பிற்பகுதியில் வரும் விஷயம் காளான். இதுதான் பலரையும் உலுக்கியது, ஏனென்றால் முயல் பாட்டி என்று நினைத்தவர் நுண்ணோக்கியில் காளான் வித்துகளை முளைக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஸ்காட்லாந்தில் டன்கெல்ட் பக்கம் சார்லி மக்கின்டாஷ் என்ற தபால்காரர். நடந்தே கடிதம் கொடுத்து, நடந்த வழியெல்லாம் செடி கொடி கவனித்து, அந்தப் பகுதியின் இயற்கை நிபுணர் ஆனவர். அவர் மாதிரிகளைத் தபாலில் அனுப்ப, பாட்டர் வரைந்து அனுப்ப, வரைந்தால் போதாது, வெட்டி உள்ளே காட்டு என்று அவர் சொல்ல, இவர் கற்றுக்கொண்டார். 1896-ல் மாமா முறையான வேதியியலாளர் சர் ஹென்றி ராஸ்கோ அவரை க்யூ தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப் போனார். இயக்குநர் திசல்டன்-டயர் பெரிதாக மதிக்கவில்லை. அங்கிருந்த ஒருவரிடம், பத்து வருடத்தில் இதெல்லாம் பாடப்புத்தகத்தில் வரத்தான் போகிறது என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்ததாக டைரி சொல்கிறது.

1897 ஏப்ரல் 1. காளான் வித்துகள் முளைப்பது பற்றி மிஸ் ஹெலன் பி. பாட்டர் எழுதிய கட்டுரை லண்டன் லின்னியன் சங்கத்தில் வைக்கப்பட்டது. பெண்களுக்குக் கூட்டத்தில் அனுமதி இல்லை. க்யூவின் ஜார்ஜ் மாஸ்ஸி அவர் சார்பில் கொடுத்தார். ஒரு வாரத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அச்சாகவில்லை, பிரதியும் இன்று இல்லை. நூறு வருடம் கழித்து 1997-ல் சங்கம் தான் நடந்துகொண்ட விதத்துக்கு வருத்தம் தெரிவித்தது.

இணையத்தில் இந்தக் கதை கை கால் முளைத்து உலாவுகிறது. பாசிப்படிவு எனும் லைக்கன் இரண்டு உயிர்களின் கூட்டு என்று முதலில் கண்டுபிடித்தவர் பாட்டர், ஆண்கள் அமுக்கிவிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். இது தவறு. சுவிஸ் விஞ்ஞானி ஷ்வென்டனர் அதை 1860-களிலேயே சொல்லிவிட்டார், அப்போது பாட்டர் கைக்குழந்தை. "மனமுடைந்து அறிவியலை விட்டார், அதனால்தான் முயல் கதை எழுதினார்" என்பது அடுத்தது. மனமுடைந்தாரா? டைரியைக் கேட்கலாம் என்று போனால், கடைசிப் பதிவு 1897 ஜனவரி 31. கட்டுரை சங்கத்துக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்பே டைரி நின்றுவிட்டது. அவமானப்பட்டு அழுதார் என்று எழுதுகிறவர்கள் அதை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். அநியாயம் நடந்தது என்பதற்கு மூடிய கதவே போதுமான சாட்சி. கண்ணீரைச் சேர்க்கத் தேவையில்லை.

முயலுக்கு முன்னால் காளான், காளானுக்குப் பிறகு முயல் என்ற வரிசையும் நிற்காது. 1893 செப்டம்பர் 3 அன்று டன்கெல்டில் ஓர் அபூர்வக் காளானை, பைன் கூம்பு மாதிரி மேலெல்லாம் கறுப்புச் செதில் உள்ள ஒன்றை, வரைந்து தேதி போட்டிருக்கிறார். மறுநாள் செப்டம்பர் 4, அதே வீட்டில் உட்கார்ந்து, தன் பழைய ஆசிரியை ஆனி மூரின் ஐந்து வயது மகன் நோயல் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறான் என்று அவனுக்கு ஒரு படக்கடிதம் எழுதினார். நான்கு முயல் குட்டிகள் பற்றிய கதை. அதுதான் பீட்டர் ராபிட்.

அடுத்தடுத்த நாள், ஒரே கை. பாட்டரின் முயலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சட்டை மனிதச் சட்டை, ஆனால் சட்டைக்குள் இருக்கும் தோள் முயலின் தோள். சட்டையைத் தொலைத்துவிட்டு ஓடும்போது நான்கு காலில் அசல் முயலாகவே ஓடும். எலும்புக்கூட்டை வரைந்து பழகாதவருக்கு இது வராது. குழந்தைக்கு ஏதோ ஒரு முயல் போதும் என்று அவர் நினைக்கவே இல்லை.

பிறகு நடந்தது தெரிந்த கதைதான். நோயலிடம் கடிதத்தைக் கடன் வாங்கி விரித்தெழுதினார், பதிப்பாளர்கள் மறுத்தார்கள், 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதி போட்டார், 1902-ல் வார்ன் நிறுவனம் எடுத்துக்கொண்டது. கடிதத்தைப் பல வருடம் பத்திரமாக வைத்திருந்த அந்தப் பையனுக்கு யாராவது சிலை வைக்கலாம்.

காளான் படங்கள் சும்மா கிடக்கவில்லை. டபிள்யூ.பி.கே. ஃபின்ட்லே 1967-ல் வெளியிட்ட காளான் கையேட்டில் பாட்டரின் ஓவியங்களைச் சேர்த்தார்; காட்டில் காளானை அடையாளம் காண உதவும் அளவுக்கு அவை துல்லியமாக இருந்தன. நானூறுக்கும் மேற்பட்டவை இன்று ஆம்பிள்சைடில் ஆர்மிட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

லிண்டர் சேர்த்த மீதி, 2000-க்கும் மேற்பட்ட படங்களும் கையெழுத்துப் பிரதிகளும், 1973-ல் அவர் இறந்த பிறகு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போயின. இன்று பாட்டர் பற்றி யார் எதை எழுத உட்கார்ந்தாலும் அந்தப் பெட்டிகளில்தான் தொடங்குகிறார்கள்.