இரண்டு கயிறு, ஒரு வலை

2016, தைபே கம்ப்யூடெக்ஸ் கண்காட்சி. ஏஎம்டியின் கிராஃபிக்ஸ் பிரிவுத் தலைவர் ராஜா கோடூரி மேடையேறினார். ஆந்திராவில் படித்து, கரக்பூர் ஐஐடியில் முதுநிலை முடித்தவர். அன்று அவர் காட்டியது ஒரு பந்தயம். ஒரு பக்கம் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080, ஏறத்தாழ 700 டாலர். மறுபக்கம் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 கார்டுகள் இரண்டு. சேர்த்தே 500 டாலருக்குள். 'ஆஷஸ் ஆஃப் த சிங்குலாரிட்டி' விளையாட்டில் மலிவான ஜோடி நொடிக்கு 62.5 ஃபிரேம் கொடுத்தது. 1080 கொடுத்தது 58.7.

சண்டை உடனே மூண்டது. இரு திரைகளிலும் பனி ஏன் ஒரே மாதிரித் தெரியவில்லை என்பதில் தொடங்கி, ரசிகர்கள் வாரக்கணக்கில் மோதினார்கள்.

இந்தப் பகையும், கார்டுகளை ஜோடியாகப் பூட்டும் வழக்கமும் பழையவை. 1998இல் 3டிஎஃப்எக்ஸின் வூடூ2 கார்டுகள் இரண்டைப் பூட்டினால், ஒன்று ஒற்றைப்படை வரிகளையும் மற்றது இரட்டைப்படை வரிகளையும் வரைந்தன. அந்த நிறுவனம் வீழ்ந்தபோது சொத்துகளை வாங்கிய என்விடியா, அந்த ஜோடி முறையின் எஸ்எல்ஐ என்ற பெயரையே 2004இல் உயிர்ப்பித்தது. மறு ஆண்டே போட்டி நிறுவனமான ஏடிஐ, கிராஸ்ஃபயர் என்ற தன் ஜோடி முறையுடன் வந்தது. 2006இல் ஏடிஐ ஏஎம்டியின் கைக்குப் போனது.

இப்போது வேலை பிரியும் முறை மாறியிருந்தது: ஒரு ஃபிரேம் இந்தக் கார்டுக்கு, அடுத்தது அந்தக் கார்டுக்கு. சிக்கலும் இங்கேதான். இலங்கையின் புத்தளம் கரையோரத்தில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். எத்தனை பேர் இழுக்கிறார்கள் என்பது மட்டும் போதாது. இரு பக்கக் கயிறும் ஒரே சீராகக் கரையேற வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும். ஜோடிக் கார்டுகளிலும் இரண்டு ஃபிரேம்கள் ஒட்டிக்கொண்டு வந்து, அடுத்தது தாமதித்தால் எண்ணிக்கை உயர்ந்தே இருக்கும், கண்ணுக்கோ படம் திக்கும்.

2013இல் என்விடியா உருவாக்கிய எஃப்கேட் சோதனைமுறை இதை அம்பலமாக்கியது. கிராஸ்ஃபயரில் சில ஃபிரேம்கள் திரையில் சில வரி உயரமே இருந்தன. ஆனாலும் முழு ஃபிரேமாக எண்ணப்பட்டன. போட்டியாளர் தந்த கருவி என்று ஏஎம்டி ஒதுக்கிவிடவில்லை, ஆகஸ்டில் திருத்திய டிரைவரை வெளியிட்டது. இந்த வரலாற்றிலேயே பயனுள்ள சண்டை இதுதான். மற்றவை பெரும்பாலும் எண்களின் சண்டை.

அப்படியானால் தைபேயில் ஜோடி எப்படி வென்றது? டைரக்ட்எக்ஸ் 12இல் வேலையைப் பிரிக்கும் பொறுப்பை விளையாட்டே ஏற்கலாம். ஆஷஸை உருவாக்கிய ஆக்ஸைடு அந்தப் பாரத்தைச் சுமந்தது. அதற்கு முந்தைய ஆண்டே என்விடியா கார்டும் ஏஎம்டி கார்டும் ஒரே கணினியில் சேர்ந்து அந்த விளையாட்டை ஓட்டின!

அந்த உழைப்புக்கு மற்றவர்களில் மிகச் சிலரே முன்வந்தார்கள். முந்தைய ஃபிரேமின் தகவலைக் கொண்டு அடுத்ததை மெருகேற்றும் உத்திகள் பரவியதும், மாறிமாறி வரையும் முறை இன்னும் திணறியது. கோடூரி 2017இல் இன்டெல்லுக்குப் போனார். 2021 ஜனவரியிலிருந்து புதிய எஸ்எல்ஐ டிரைவர் புரொஃபைல்களை என்விடியா நிறுத்தியது. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090இல் இன்னொரு கார்டை இணைக்கும் பாலத்துக்கான இடமே இல்லை.