தந்தைமையைச் சட்டப்படி நிறுவுதல் (இந்தியா)

ஒரு குழந்தைக்குத் தந்தை யார் எனச் சட்டம் முடிவு செய்யும் முறையே தந்தைமை நிறுவுதல் எனப்படும். வாரிசுரிமை, ஜீவனாம்சம், காப்பாளர் உரிமை ஆகியவை இதைச் சார்ந்து நிற்பவை. தாய் யார் என்பதைப் பிரசவமே காட்டிவிடும். தந்தை யார் என்பதை அனுமானம், ஒப்புதல், சோதனை ஆகியவற்றுள் ஒன்றால்தான் நிறுவ வேண்டும். இந்தியச் சட்டம் அனுமானத்துக்கே முதலிடம் தருகிறது: தாயின் கணவனே பிள்ளையின் தகப்பன்.

பண்டைய வகைப்பாடு

மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் புதல்வர்களைப் பன்னிரண்டு வகையாகப் பிரிக்கிறது. முதல் ஆறு வகையினர் உறவினரும் வாரிசும் ஆவர். மணந்த மனைவியிடம் தனக்கே பிறந்தவன் ஔரசன். நியோக முறைப்படி கணவனுக்காகப் பிறர் வழியாகப் பெற்றவன் க்ஷேத்திரஜன். பெற்றோர் தத்துக் கொடுத்தவன் தத்தன். மகனாக ஆக்கிக்கொள்ளப்பட்டவன் கிருத்திரிமன். தகப்பன் யாரெனத் தெரியாமல் வீட்டில் மறைவாகப் பிறந்தவன் கூடோத்பன்னன். பெற்றோர் கைவிட, பிறர் எடுத்து வளர்த்தவன் அபவித்தன்.

மற்ற ஆறு வகையினர் உறவினர் மட்டுமே, சொத்துக்கு வாரிசல்லர். கன்னிப்பெண் பெற்றவன் கானீனன். தாய் மணவறை ஏறும்போதே அவள் வயிற்றில் இருந்தவன் சகோடன். விலைக்கு வாங்கப்பட்டவன் கிரீதன். மறுமணம் புரிந்தவள் பெற்றவன் பௌனர்பவன். தன்னைத்தானே மகனாகக் கொடுத்துக்கொண்டவன் சுவயந்தத்தன். சூத்திரப் பெண்ணிடம் பிறந்தவன் சௌத்திரன்.

வித்துக்கு உரியவன் (கருக்கொடுத்தவன்) பெரியவனா, நிலத்துக்கு உரியவன் (தாயின் கணவன்) பெரியவனா என்ற வாதமும் அதே அத்தியாயத்தில் நீளமாக வருகிறது. நூல் தரும் முடிவுகள் பெரும்பாலும் நிலத்துக்கு உரியவன் பக்கமே சாய்கின்றன. கூடோத்பன்னன் தாயின் கணவனுக்கு உரியவன். கானீனனும் சகோடனும் தாயை மணந்துகொண்டவனுக்கு உரியவர்கள். இரத்தம் யாருடையது என்ற கேள்வியைத் திருமணம் அடைத்துவிடுகிறது. பிற்கால உரையாசிரியர்கள் கலியுகத்துக்கு ஔரசனும் தத்தனும் போதும் எனப் பட்டியலைச் சுருக்கினர்.

திருச்சிராப்பள்ளிச் சீமையின் மருங்காபுரி ஜமீன் வாரிசு வழக்கில் 1874-இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், திருமணமே தந்தையைத் தீர்மானிக்கிறது என்ற இக்கருத்தையொட்டியே தீர்ப்பளித்தது. பிள்ளை கருவுற்றது மணத்துக்கு முன்பா பின்பா என்பது பொருட்டல்ல; மணவாழ்வில் பிறந்திருந்தால் போதும் என்றது.

ஆங்கிலேயர் காலம்

கணவன் நான்கு கடலுக்குள், அதாவது இங்கிலாந்துக்குள், இருந்தாலே மனைவி பெறும் பிள்ளை அவனுடையது என்பது ஆங்கிலேயரின் பழைய விதி. அது 18-ஆம் நூற்றாண்டில் தளர்ந்தது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, அந்த மரபைச் சீர்படுத்திக் கொண்டுவந்தது. செல்லத்தக்க திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளையும், திருமணம் முறிந்து, தாய் மறுமணம் செய்யாதிருக்க, 280 நாட்களுக்குள் பிறந்த பிள்ளையும் கணவனின் முறையான பிள்ளையே. அப்படிப் பிறந்ததே முடிவான நிரூபணம். சாதாரண ஆண்டில் ஜனவரி 1 அன்று மணமுறிவு என்றால், அக்டோபர் 8 வரை பிறக்கும் பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. மறுநாள் பிறந்தால் வழக்கமான சாட்சியங்களைக் கொண்டுதான் நிறுவ வேண்டும்.

இதற்கு ஒரே விலக்கு, கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் கூடுவதற்கு வாய்ப்பே இல்லை என நிரூபிப்பது. உண்மையில் கூடினார்களா என்பதல்ல, கூட வாய்ப்பு இருந்ததா என்பதே கேள்வி என 1934-இல் பிரிவி கவுன்சில் விளக்கியது. முஸ்லிம் சட்டத்தில் தகப்பன் வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளும் இக்ரார் முறை தனியாக உண்டு. ஆயினும் 112-ஆம் பிரிவு முஸ்லிம்களுக்கும் பொருந்தியது.

சோதனைகள்

கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் வெளியிட்ட இரத்த வகைக் கண்டுபிடிப்பு, ஒருவர் தந்தையாக இருக்க முடியாது எனக் காட்ட மட்டுமே உதவியது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984-இல் கண்டறிந்த மரபணு ரேகை முறைதான் தந்தை இவரே என ஏறத்தாழ உறுதியாகச் சொல்ல வழி திறந்தது. மரபணுவில் குறிப்பிட்ட இடங்களில் சிறு துண்டுகள் எத்தனை முறை திரும்ப வருகின்றன என்று இன்றைய ஆய்வகங்கள் எண்ணுகின்றன. ஓரிடத்தில் பிள்ளைக்கு 12, 14; தாய்க்கு 12, 13 என்றால், 14 தகப்பனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். தகப்பன் எனப்படுபவரிடம் 14 இல்லாவிட்டால் அது பொருந்தாத இடம். மரபணு மாற்றமும் நேரக்கூடும் என்பதால், ஓரிடம் மட்டும் பொருந்தாததை வைத்து எவரையும் விலக்குவதில்லை. இந்தியாவில் ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் இம்முறையை வளர்த்தார். கேரளத்தின் தலச்சேரி நீதிமன்றத்தில் இது தந்தைமை வழக்கொன்றில் சான்றாக ஏற்கப்பட்டது. கேரள உயர் நீதிமன்றமும் 1991-இல் அதை உறுதி செய்தது.

நீதிமன்றங்களின் நிலை

கேட்டவுடன் இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது, மாதிரி தரும்படி எவரையும் வற்புறுத்தவும் கூடாது என உச்ச நீதிமன்றம் 1993-இல் கூறியது. மனைவி மேல் சந்தேகம் கொண்ட கணவன், ஜீவனாம்சத்தைத் தட்டிக்கழிக்கப் பிள்ளையைச் சோதனைக்கு இழுப்பதை இது தடுத்தது. ஆனால் 2014-இல் மரபணு அறிக்கை கணவன் தகப்பனல்ல எனக் காட்டியபோது, அனுமானத்தைவிட அறிவியல் உண்மையே மேல் என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளையே வழக்காடிய நிகழ்வும் உண்டு: உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் மாநிலங்களின் முன்னாள் முதல்வர் என்.டி. திவாரிக்கு, நீதிமன்ற உத்தரவின்படி 2012-இல் இரத்த மாதிரி தர நேர்ந்தது. அவரே தந்தை என அறிக்கை சொன்னது. பிள்ளையின் அந்தரங்க உரிமை முதன்மையானது என்றும், மனைவியின் நடத்தையை நிரூபிக்கும் கருவியாகச் சோதனை ஆகக்கூடாது என்றும் உச்ச நீதிமன்றத்தின் 2023 தீர்ப்பு வரையறுத்தது.

2024 ஜூலை 1 முதல் 112-ஆம் பிரிவு, பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 116-ஆம் பிரிவாக அதே உள்ளடக்கத்துடன் நடைமுறையில் உள்ளது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அனுமானத்தின் வலிமையை மீண்டும் உறுதிப்படுத்தியது.