மருத்துவமனைக் கட்டிலில் வண்ணமும் கதையும்: நோயுற்ற பிள்ளைக்குக் கலை எப்படித் துணை நிற்கிறது?

ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் ஒரு பிள்ளைக்கு நோய் கடுமையானால், பெற்றோர் பெரும்பாலும் நாடுவது சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையைத்தான். டிங்கிக் காய்ச்சல் என்றால் சில நாள்களில் வீடு திரும்பலாம். இரத்தப் புற்றுநோய் என்றால் சிகிச்சை ஈராண்டுக்கு மேலும் நீளக்கூடும். ஊசி எப்போது, சாப்பாடு எப்போது, வீட்டுக்குப் போவது எப்போது என எதையும் அங்கே பிள்ளை முடிவு செய்வதில்லை. எந்த வண்ணத்தை எடுப்பது என்பதையாவது அது முடிவு செய்யலாம். சிறார் வார்டில் கலை தேவைப்படுவதற்கு முதல் காரணம் இதுவே.

தொடக்கம்

காசநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது ஓவியம் தந்த தெம்பை உணர்ந்த பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில், 1942-இல் ‘கலைச் சிகிச்சை’ என்ற பெயரை வழங்கினார். 1986-இல் நியூயார்க்கின் பிக் ஆப்பிள் சர்க்கஸ் கோமாளிகள், சிறார் வார்டுகளுக்குச் சென்று பிள்ளைகளைச் சிரிக்க வைக்கத் தொடங்கினர். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, உடல்நலத்திலும் மனநலத்திலும் கலைக்குப் பங்குண்டு என்று எடுத்துரைத்தது. கலை மருந்துக்கு மாற்று அன்று. மருந்தோடு சேர்ந்து நடக்கும் துணை.

எப்படி உதவுகிறது?

சிறு பிள்ளைகள் பலர், தாங்கள் செய்த குறும்புக்குத் தண்டனையாகவே நோய் வந்தது என்று நினைப்பதுண்டு. "சேட்டை செய்தால் ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் மிரட்டியிருந்தால் அந்த எண்ணம் இன்னும் வலுக்கும். வாயால் சொல்லத் தெரியாத இந்தப் பயம் படத்திலோ பொம்மை விளையாட்டிலோ வெளிப்படலாம். பொம்மைக்குத் தானே கட்டுப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு, தன் கையில் கட்டுப் போடும்போது அது புதிதாக இராது. ஊசி போடும் நேரத்தில் சோப்பு நுரைக் குமிழி ஊதினால் மூச்சு சீராகும். கவனமும் ஊசியிலிருந்து விலகும்.

நம் நாட்டில்

கல்வி அமைச்சும் சுகாதார அமைச்சும் நூருல் யாக்கின் அறவாரியத்துடன் இணைந்து 2011-இல் ‘செக்கோலா டாலாம் ஹோஸ்பிட்டல்’ எனும் மருத்துவமனைப் பள்ளித் திட்டத்தைத் தொடங்கின. கோலாலம்பூர், அம்பாங், செர்டாங் மருத்துவமனைகளில் முதலில் தொடங்கிய இத்திட்டம் பின்னர் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கும் வந்தது. மகிழ்வித்துக் கற்பிப்பதே இதன் வழிமுறை. பிள்ளையை அனுமதித்ததும் இந்த வகுப்பைப் பற்றித் தாதியரிடம் கேட்பது நல்லது.

பெற்றோர் செய்யக்கூடியவை

• கலர் பென்சில், வெற்றுத்தாள், பிள்ளைக்குப் பிடித்த ஒரு பொம்மை ஆகியவற்றைப் பையில் வையுங்கள்.
• வார்டில் மலாயும் ஆங்கிலமுமே அதிகம் கேட்கும். இரவில் பாட்டி சொன்ன கதையை, வீட்டில் பாடும் பாட்டைத் தமிழிலேயே சொல்லுங்கள், பாடுங்கள்.
• வேலை முடிந்து வர முடியாத அப்பா, கதையைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பலாம்.
• படத்தைத் திருத்தாதீர்கள்; பொருளும் கற்பிக்காதீர்கள். "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று கேட்டாலே போதும்.
• நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு மண், பூ, பிறர் பயன்படுத்திய பொருள் வேண்டாம். எதைக் கொடுக்கும் முன்பும் தாதியரைக் கேளுங்கள்.
• ஊசியைக் காட்டி எப்போதும் மிரட்டாதீர்கள்.

பிள்ளை வரைய மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. ‘வேண்டாம்’ என்று அது சொல்லவும், சொன்னதை மற்றவர் ஏற்கவும் வார்டில் ஓர் இடமாவது இருக்கட்டும்.